அண்ணியின் ஆட்டத்தில் போங்கு கிடையாது

தாயம் ஆடும்போது எங்கள் அண்ணியைப் போலப் போங்கு அடிக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கட்டையை உருட்டுகிற சாக்கில் முந்தானையால் ஒரு காயை முன்னே நகர்த்திவிடுவார். வெட்டுப்பட வேண்டிய காய் எப்படிப் பழமானது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்து யாரு என்று கேட்டுக் கட்டையை நீட்டுவார். கண்டுபிடித்துக் கத்தினால் கோபமெல்லாம் வராது. சிரித்துக்கொண்டே காயைப் பழைய இடத்தில் வைப்பார். அந்தப் பழைய இடமும் இரண்டு கட்டம் தள்ளித்தான் இருக்கும்.

தாயத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் பாக்கெட் மாவு வாங்கி வந்து, கிரைண்டரில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் சத்தத்துக்கு ஓடவிட்டு, வீட்டில் அரைத்த மாவு என்று எங்கள் அம்மாவுக்கு இட்லி ஊற்றிப் போட்டவர் அவர். மருமகள் கைப்பக்குவம் என்று அம்மா அந்த இட்லியின் பெருமையைப் பண்ருட்டி சொந்தக்காரர்கள் வரைக்கும் கொண்டுபோனார். ரேஷன் கடையில் முன்பே பையைப் போட்டுவிட்டுப் போனதாகச் சொல்லி நடுவில் நுழைவார். தெருவில் கோலப் போட்டி வைத்தபோது முந்தின நாளே சாக்பீசால் லேசாகப் புள்ளி குறித்துவைத்து எவர்சில்வர் தூக்கு ஒன்றைப் பரிசாக வாங்கிவந்தார். அதில்தான் ரொம்ப நாள் ரசம் வைத்தோம்.

நான் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிட்டு வைத்திருக்கிற பிள்ளையைக் கழுத்து திரும்புகிற விதத்திலேயே பிடித்துவிடுவேன். என்னையே இந்த மனுஷி ஏமாற்றியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஒரு விளையாட்டில், எதிராளியே இல்லாத விளையாட்டில், எள்ளளவு போங்குக்கும் இடம் கொடுக்க மாட்டார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன்.

அண்ணிக்குச் சொந்த ஊர் கடலோரத்துக் கிள்ளை. கல்யாணம் சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நான் அப்போது பிளஸ் டூ. அண்ணன் தாலியில் முதல் முடிச்சைப் போட்டுக் கையை எடுத்ததும் மீதி இரண்டு முடிச்சையும் நாத்தனார் போடணும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். கெட்டிமேளம் காதைக் கிழிக்கிறது, அட்சதை என் தலையில்தான் விழுகிறது. கயிற்றோடு சேர்த்து அவருடைய முடியையும் வைத்து இறுக்கிவிட்டேன். குனிந்த தலை நிமிராமலே அண்ணி முனகினார்.

"முடிய விட்டுட்டுக் கட்டு பாப்பா."

என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஊரெல்லாம் சொல்கிற சொல் எங்கள் வீட்டில் எடுபடவில்லை.

விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். காலேஜ் தோழி ஒருத்தி கொடுத்தாள். அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரி ஒன்றில் கணக்குப் பார்த்தார். அதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் மாடி அறையில் இருந்தது. அதில் ஏற்றினேன். எல்லாமே சதுரம் சதுரமாக இருக்கிற ஓர் உலகம். மண், மரம், ஆடு, மாடு, சூரியன்கூடச் சதுரம்தான். மண்ணை வெட்டி எடுக்கலாம், அடுக்கி வீடு கட்டலாம். ஆடுகிறவரின் முகம் தெரியாது. திரையின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும், மண்வெட்டியோ கோடாலியோ பிடித்தபடி. பகல் பொழுது பத்து நிமிஷம். பிறகு இருட்டும். இருட்டினால் பேய்கள் வரும். அதற்குள் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டால் விடிந்துவிடும். நடுவில் விளையாட்டை மூடினால் சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கும், மறுபடி திறக்கிற வரைக்கும். ஜெயிப்பது தோற்பது என்று ஒன்றும் கிடையாது. எனக்கு ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் மாடிக்குப் போனால் அண்ணி உட்கார்ந்திருக்கிறார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. இதற்கு என்னா பேரு, அதற்கு என்னா பேரு என்று கேட்டார். ஒரு மாதத்தில் எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. புதிதாக ஓர் உலகம் தொடங்கும்போது எத்தனை உயிர் வேண்டும் என்று அது கேட்கும். செத்துச் செத்து எழுந்திருக்கலாம். அல்லது ஒத்தை உயிர். ஒத்தை உயிர் என்றால், செத்த பிறகு ஆவி மாதிரி அந்த உலகத்தைச் சுற்றிப் பார்க்கலாமே தவிர ஒரு பிடி மண்ணைத் தொட முடியாது. அண்ணி ஒத்தை உயிரை அமுக்கினார். நான் பதறிப்போய், செத்தால் எல்லாம் போய்விடும் என்றேன். அப்படித்தானே இருக்கணும் என்றார்.

அவர் வந்து விழுந்த இடம் நிலத்துக்கு நடுவில் ஒரு மேடு. அங்கேயே வீடு கட்டினார். ஒரு நாள் மலை ஏறிப் பார்த்தபோது ரொம்ப தூரத்தில் கடல் தெரிந்தது. கிள்ளைக்காரருக்கு அது போதும். வீட்டு வாசலிலிருந்து கடல் வரைக்கும் வாய்க்கால் வெட்டணும், வாசலில் படகு ஏறிக் கடலில் போய் இறங்கணும் என்று முடிவுசெய்தார். வாய்க்கால் தொடங்கும் முன்பே படகைச் செய்து வாசலில் வைத்தாயிற்று. அப்புறம் வெட்டினார். வருஷக்கணக்கில் வெட்டினார். சமையல் முடித்து, அம்மாவுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவிவிட்டு மாடிக்கு வந்தால் சாயங்காலம் பால்காரர் வருகிற வரைக்கும் வாய்க்கால்தான்.

குழந்தை இல்லாத குறைக்குப் பொம்மை விளையாட்டு என்று சொந்தத்தில் ஒரு மாமி காதில் விழுகிற மாதிரியே சொன்னார். குழந்தை இருந்திருந்தா அதையும் பக்கத்துல ஒரு மண்வெட்டியோட உக்கார வெச்சிருப்பேன் என்றார் அண்ணி. மாமி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த விளையாட்டில் கள்ள வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வரி தட்டினால் தங்கமாகக் கொட்டும். இன்னொரு வரி தட்டினால் நினைத்த இடத்துக்குப் பறந்துபோகலாம். பேயே வராமல் செய்யலாம். அண்ணன் இதையெல்லாம் எங்கேயாவது படித்துவிட்டு வந்து ஆசையாகச் சொல்வார். சொல்லிவிட்டு, "யாரு பாக்கப் போறாங்க?" என்பார். அண்ணி தன்பாட்டுக்கு மண்ணை வெட்டுவார்.

ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுகிறவரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்துத் தீர்ப்புச் சொல்வார். கட்டில் செய்வது எப்படி, வாளி செய்வது எப்படி என்று யூட்யூபில் பார்க்கலாமா? பார்க்கலாம். இரும்பு எங்கே புதைந்திருக்கிறது என்று பார்க்கலாமா? கூடாது. சமையல் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், அடுத்த வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த உலகத்தில் இரண்டு வாளித் தண்ணீரைச் சேர்த்து ஒரு குழியில் ஊற்றினால் அது வற்றவே வற்றாது, மொண்டுகொண்டே இருக்கலாம். வாய்க்காலை அப்படித்தான் நிரப்பிக்கொண்டு போனார். இது போங்கு இல்லையா என்று மடக்கினேன். அந்த ஊர் பூமி அப்படி, நம்ம ஊர்ல தோண்டினா உப்புத் தண்ணி வருதே அது யாரு பண்ண போங்கு என்று கேட்டார். 

ஒரு தடவை மரம் வெட்டப் போனவர் வழி தவறிவிட்டார். கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் எங்கே நிற்கிறோம் என்று எண் எண்ணாகக் காட்டும், அதை வைத்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அண்ணி மாட்டேன் என்றார். காட்டுக்குப் போனவள் நெற்றியில் எண்ணா எழுதியிருக்கும் என்று கேட்டார். சூரியன் உதிக்கிற பக்கத்தைப் பார்த்து நடந்தார், மேடு ஏறிப் பார்த்தார், இருட்டினால் மண்ணைத் தோண்டி உள்ளே ஒளிந்துகொண்டார். வாரக்கணக்கில் இதே கதை. வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை, காபியில் சர்க்கரை இல்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு, உங்க அண்ணிக்கு ஏதாவது மனக்கஷ்டமா என்று விசாரித்தார். வழி தெரியவில்லையாம் என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் தூரத்தில் தன் வாய்க்காலின் வெள்ளிக்கோடு தெரிந்ததும் அண்ணி தடதடவென்று மாடியிலிருந்து இறங்கி வந்து கேசரி கிளறினார். எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் சாப்பிட்டோம்.

அன்றைக்கு நான் கேட்டுவிட்டேன். தாயத்தில் அவ்வளவு போங்கு அடிக்கிறவர் இதில் மட்டும் ஏன் இப்படி உயிரை விடுகிறார்?

கேசரிக் கரண்டியை வழித்துக்கொண்டே சொன்னார்: "தாயத்துல நான் போங்கு அடிச்சா புடிக்குறதுக்கு நீ இருக்க. இதுல யாரு இருக்கா? நானும் விட்டுட்டா ஆளே இல்ல பாப்பா."

புயல் வந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷம், கரண்ட் வந்தும் கம்ப்யூட்டர் வரவில்லை. திறந்து பார்த்த கடைக்காரர் உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்றார். அண்ணி துணி காயப்போடப் போனார். அப்போதுதான் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். பேக்டரிக் கணக்கைக் காப்பி எடுத்துவைக்கிற பழக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலமானால் அண்ணியின் உலகத்தையும் காப்பி எடுத்துவைத்திருக்கிறார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இதை எடுத்துக்கொள்வது போங்கா என்று அண்ணி ரொம்ப நேரம் துணிக்கொடி அடியிலேயே நின்று யோசித்தார். கடைசியில் வந்து, "கம்ப்யூட்டர் செத்தது வேற, நான் செத்தா வேற" என்றார். புயலுக்கு விழுந்த வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் தானாக விழுந்து செத்தால் காப்பியைத் தொடக் கூடாது. அண்ணன் தலையாட்டினார். அவருக்குக் காப்பி வேலை செய்ததே பெரிய சந்தோஷம்.

எனக்குக் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அம்மாவைப் பார்க்கப் போவேன். அம்மாவைப் பார்க்க என்று சொல்லிக்கொள்வது. போனதும் மாடிக்குத்தான் ஏறுவேன். அப்படிப் போன ஒரு நாள்தான் அண்ணியின் விரல்களைக் கவனித்தேன். கணுவெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தன. முடக்குவாதம் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் எழுந்தால் பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. வெந்நீரில் கையை வைத்து வைத்து மெதுவாகத்தான் விரல் பிரியும்.

அந்த விளையாட்டில் மவுசை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மண் வெட்டுப்படும். அண்ணியால் ஒரு கட்டி வெட்டிவிட்டு விரலை உதறாமல் அடுத்த கட்டிக்குப் போக முடியவில்லை. கடல் அப்போது கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அதுதான் அநியாயம். இத்தனை வருஷம் வெட்டி, கடலின் வாசல்படி வரைக்கும் வந்தாயிற்று, விரல் மாட்டேன் என்கிறது. பேய் வராமல் செய்துவிடலாம், ஒரே அமுக்கில் நூறு கட்டி வெட்டுகிற மாதிரி செய்துவிடலாம் என்று அண்ணன் கெஞ்சினார். நான் வெட்டித் தருகிறேன் என்றேன். போங்கு என்ற ஒரே சொல்லில் எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டார். வாரா வாரம் நான் போகும்போது வாய்க்கால் ஒரு கை நீளம் வளர்ந்திருக்கும். சில வாரம் அதுவும் இருக்காது. எனக்கு எரிச்சலாக வரும். யாருக்காக இந்தப் பிடிவாதம் என்று திட்டிவிட்டே ஒரு நாள் ரயிலேறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. கீபோர்டுக்கு நேராக இருந்த நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். போங்கு இல்லையா என்றேன், கொஞ்சம் குத்தலாகவே.

"ஒரு வாரமா யோசிச்சேன். என் தாலியில ஒரு முடிச்சுதான் உங்க அண்ணன் போட்டாரு. மீதி ரெண்டு நீ போட்ட. அதுக்காக கல்யாணம் போங்குன்னு யார்னா சொன்னாங்களா?"

நான் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவரு கை ஆரம்பிச்சுது, உன் கை முடிச்சுது. இதுவும் அப்பிடித்தான். ஆனா நான் சொல்றத மட்டும்தான் செய்யணும். உன் இஷ்டத்துக்கு ஒரு கட்டி வெட்டக் கூடாது."

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வாய்க்கால் வெட்டினோம். அவர் சொல்வார், நான் வெட்டுவேன். நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு உத்தரவு போடுகிறவள் நான். அங்கே போனால், "சோத்துக்கைப் பக்கம் ஒரு கட்டி, போதும், நிறுத்து" என்று அண்ணி சொல்வதைக் கேட்டு அடங்கி உட்கார்ந்திருப்பேன். அது எனக்குச் சுகமாக இருந்தது. சூரியன் சாயும்போதே கட்டிலைப் போட்டுப் படுக்கச் சொல்லிவிடுவார். இருட்டில் ஒரு நொடி நிற்கவிட மாட்டார். படுத்து, விடிந்து, வெளிச்சம் வந்த பிறகுதான் மூடணும். மறுபடி திறக்கிறபோது முழுப் பகலும் கையில் இருக்கணும் என்பார். வார நாளில் விரல் இடம்கொடுத்தால் அவரும் ஒன்றிரண்டு கட்டி வெட்டியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் எங்கள் தெரு அகலம்தான் பாக்கி. அலை அடிக்கிற இடம் தெரிகிறது. சூரியன் சாய்ந்தது. படுக்கட்டுமா அண்ணி என்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் பாப்பா, கடல் தெரியுது என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். வெட்டினேன். இருட்டிவிட்டது. திரும்பினால் வாய்க்காலுக்குள் எனக்கு நேராக, மூஞ்சிக்கு மூஞ்சியாக, பச்சையாகப் பேய் ஒன்று வந்து நிற்கிறது. பின்னால் போகிற பட்டனை அமுக்கியிருக்க வேண்டும். நான் கீபோர்டையும் மவுசையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த அண்ணியின் கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

திரை சிவந்தது. உயிர் போய்விட்டது என்று எழுத்து வந்தது.

வீங்கின விரலைப் போட்டு நசுக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகச் சொன்னார்: "விரல விட்டுட்டுப் புடி பாப்பா."

நான் அழுதுவிட்டேன். கழுதை வயசில், கணக்கு டீச்சர், ஒரு விளையாட்டுக்காக அழுகிறேன். சத்தம் கேட்டு அண்ணன் மாடி ஏறி வந்தார். திரையைப் பார்த்தார். அவசர அவசரமாக அலமாரியிலிருந்து பென்டிரைவை எடுத்துவந்தார். நேத்து சாயங்காலம்தான் காப்பி எடுத்தேன், இன்னைக்கு வெட்டினது மட்டும்தான் போகும் என்றார். வழக்கம்போல, "யாரு பாக்கப் போறாங்க?" என்று சேர்த்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். கீபோர்டை விட்டது நான், செத்தது நீங்க இல்ல, கம்ப்யூட்டர் கெட்டுப்போன மாதிரிதான் இதுவும் என்று அண்ணியிடம் வாதாடினேன். அவருடைய சட்டத்தையே எடுத்து அவருக்குக் காட்டினேன்.

அண்ணி யோசித்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கேசரிக் கரண்டியை வழித்தபோது இருந்த மாதிரி சாதாரணமாகத்தான் இருந்தார்.

"கம்ப்யூட்டர் வேற, நீ வேற" என்றார். "நீ தோண்டினா நான் தோண்டின மாதிரின்னுதான உன்ன உக்கார வெச்சேன்? இப்ப நீ விழுந்தத மட்டும் நான் விழலன்னு சொன்னா, அப்ப இவ்ளோ நாளும் தோண்டினது யாரு? அத்தனையும் போங்காயிடும்ல."

அண்ணன் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உன் முடிச்சும் என் தாலிதான் பாப்பா. விடு."

எனக்குக் கோபம் வந்தது. கிள்ளையிலிருந்து வந்த நாள் முதல் இந்த வீட்டில் அவர் தனக்கென்று செய்துகொண்டது அந்த வாய்க்கால் ஒன்றுதான். என் கையைத் தன் கை என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கிறார். இதைவிடப் பெரிய உரிமையை எனக்கு என் அம்மாகூடக் கொடுத்ததில்லை. அது கோபம் இல்லை என்பது ரயிலில் திரும்பும்போதுதான் தெரிந்தது.

கீழே போகும் முன்பு அண்ணி ஒன்று கேட்டார். ஆவியாகச் சுற்றிப் பார்க்கலாம்தானே? பார்ப்பது போங்கு இல்லை, எதையும் தொட முடியாதே. வீட்டு வாசலிலிருந்து பறந்தோம். படகு வாசலில் வைத்தது வைத்தபடி இருந்தது. வாய்க்கால் மேலேயே மெதுவாகப் போகச் சொன்னார். விரல் நன்றாக இருந்தபோது வெட்டினது, வலியோடு வெட்டினது, நாங்கள் இரண்டு பேரும் வெட்டினது, மேலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைசியில் அந்தத் தெரு அகல மண், அதற்கு அப்பால் கடல். கோலத்தைப் பார்க்கிற மாதிரி கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நேராத்தான் வந்திருக்கு என்றார். அண்ணனிடம் காப்பியை எறிந்துவிடச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

பிறகு அவர் அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. தாயக்கட்டையை மட்டும் விடவில்லை. மடங்கின விரலால் காயை நகர்த்திவிட்டு, "விரல் சொன்ன பேச்சு கேக்கல பாப்பா, தானா நகந்துடுச்சு" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார். புதுச் சாக்குக் கிடைத்துவிட்டது அவருக்கு. நானும் சண்டை போடாமல் விட்டதில்லை.

போன வருஷம் தை மாதம், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தாலியோடு போனார், கொடுத்துவைத்தவர் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு கயிறு மாற்றி மாற்றி, நான் போட்ட முடிச்சு எந்த ஆற்றோடோ எப்போதோ போயிருக்கும். ஆனாலும் நான் அந்தக் கழுத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது அண்ணன் என் கையில் எதையோ வைத்து அழுத்தினார். பென்டிரைவ். எறியச் சொன்னா, எனக்கு மனசு வரல என்றார். அவர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை.

சிதம்பரம் வந்து ரொம்ப நாள் அதைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலேற வேண்டிய நேரத்தில் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, என் வீட்டுக்காரர்தான் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். திறந்தது. விளையாட்டில் உயிர் போனதற்கு முந்தின நாள் காப்பி. விடிகாலை. வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது. எதிரில் அந்தக் கொஞ்சூண்டு மண், அதற்கு அப்பால் கடல். திரையின் ஓரத்தில் அந்தக் கை, மண்வெட்டியோடு. வீங்காத, மடங்காத கை. ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன், வெட்டுவேன் என்று நம்பி அண்ணி விட்டுப்போன இடத்தில் அப்படியே நிற்கிறார். செத்துப்போனது அவருக்கு இன்னும் தெரியாது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இத்தனூண்டுதானே, வெட்டி விட்டுடேன், யாரு பாக்கப் போறாங்க என்று அவரும் சொன்னார். ஆம்பளைகள் எல்லாருக்கும் எங்கேதான் இந்த ஒரே வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ. நான் மவுசைத் தள்ளி வைத்தேன். ஒரு கட்டியும் வெட்டக் கூடாது. பார்க்கலாம், பார்ப்பது போங்கு இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அலை வந்து வந்து போயிற்று. சதுர மேகம் ஒன்று தாண்டிப் போயிற்று. நிழல் நகர்வது தெரிந்ததும் பயந்துபோய் மூடிவிட்டேன்.

இருட்டினால் பேய் வரும். கட்டிலைப் போட்டுப் படுக்கவைக்க வேண்டும் என்றால் நான் பட்டனை அமுக்க வேண்டும். சொல்வதற்கு அண்ணி இல்லாமல் நான் எதையும் அமுக்க மாட்டேன். ஆகவே இருக்கிற அந்த ஒரு பகல்தான். இதையே இன்னொரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் தினம் முழுப் பகலும் பார்க்கலாமே என்று என் வீட்டுக்காரர் வழி சொன்னார். நல்ல மனிதர், அண்ணனைப் போலவே. அது போங்கு என்று சொல்லிவிட்டேன்.

மனசு ரொம்ப முட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறக்கிறேன். கொஞ்ச நேரம்தான். அந்தக் கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். சூரியன் இப்போது உச்சி தாண்டி மேற்கே சாய்ந்திருக்கிறது. அண்ணி வெயிலில்தான் நிற்கிறார். இன்னும் கொஞ்சம் பகல் பாக்கி இருக்கிறது.